விடுபட்ட படிப்புக்குக் களா உண்டா?



கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகக் கூடாது, அவ்வூரில் இருப்போர் அதைவிட்டு ஓடவும் கூடாது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை. ஷாம் சென்ற உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து திரும்ப முடிவெடுத்தபோது, இந்த ஹதீஸ் தெரியவந்து அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். எனவே 2020 மார்ச்சில் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் அடைக்கப்பட்டதை மார்க்கத்துக்கு முரண் என்பதற்கில்லை.

ஜும்ஆ இல்லாத நாட்களில் வீட்டிலே ளுஹர் தொழுதோம், தொழுகையையே விட்டுவிடவில்லை. 2020 செப்டம்பர் 1இல் தமிழகத்தில் பள்ளிவாசல்கள் திறந்ததும் எத்தனை ஆவலோடு ஸஃப்பில் நின்றோம்! சரியாக ஓராண்டு கழித்து, 2021 செப்டம்பர் 1இல், 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தன. மகன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். மகள்?

எத்தனையோ வீடுகளில் இருந்த ஒரே செல்போன் மகன் கைக்குப் போயிற்று. மகளுக்கு அடுப்படிதான் மிஞ்சியது. ஆட்கள் குறைவு, பந்தல் செலவில்லை, இதுவே தருணம் என்று 18 வயது நிறையாத பிள்ளைக்கு நிக்காஹ் முடித்த வாப்பாமாரும் உண்டு. எளிய நிக்காஹ் சுன்னத்துதான். பிள்ளையின் படிப்பைப் பறித்து மிச்சம் பிடிப்பதற்கும் அதே பெயரா? சட்டம் தடுத்திருக்கும்போது வயதைக் கேளாமல் நிக்காஹ் ஓதிவைத்தவர்களுக்கும் (என் போன்ற ஆலிம்களைத்தான் சொல்கிறேன்) இதில் பங்குண்டு.

“கடமையான இல்ம் மார்க்கக் கல்விதானே, மவ்லவி?” என்பார்கள். ஷிஃபா (ரலி) என்ற பெண்மணி, அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார். அதைக் குறிப்பிட்டே, நோய்க்கு ஓதிப்பார்க்கும் முறையையும் கற்றுக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எழுத்தும் வைத்தியமும் நபியின் வீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன. நம் வீட்டு வாசலில் ஏன் தடை?

தவறிய தொழுகைக்குக் களா உண்டு. படிப்புக்கும் உண்டென்பது ஃபிக்ஹுச் சட்டமல்ல, உவமைதான். ஆனால் வழி இருக்கிறது. 2021இல் 9ஆம் வகுப்பினருக்குப் பரீட்சையின்றியே தேர்ச்சி தரப்பட்டது. அத்தோடு நின்றுவிட்ட பெண், மணமாகியிருந்தாலும், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மத்ரஸாவில் பகலில் ஓர் அறை காலியாக இருக்கும். சொல்லிக் கொடுக்கப் பட்டதாரிப் பெண்கள் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். தேர்வுக் கட்டணத்தை பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம்.

வரும் ஜும்ஆ முடிந்ததும் முத்தவல்லியைப் பார்த்து ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள்: நம் மஹல்லாவில் 2020க்குப் பின் படிப்பை விட்ட பெண்பிள்ளைகள் யார், யார்?