வலியும் சாட்சியும்

டாக்டரிடம் போகுமுன் தன் நோயைப் பற்றிக் கூகுளில் தேடிப் படிக்கலாமா என்ற விவாதம் எனக்கு அசட்டுத்தனமாகப் படுகிறது. கூடாது என்பது ஒருவகைப் பூசாரித்தனம். 1987ல் நியூயார்க்கில் தோன்றிய ஆக்ட் அப் இயக்கத்தினர், எய்ட்ஸ் பற்றிய ஆராய்ச்சிகளைத் தாங்களே படித்து, விஞ்ஞானிகளோடு வாதாடி, மருந்துப் பரிசோதனைகளின் முறைகளையே மாற்ற வைத்தார்கள். அவர்களில் பலர் நோயாளிகள். குறளின் மருந்து அதிகாரமும் கடைசியில் மருத்துவத்தை நாலு கூறாக்கி, நோயுற்றவனைத்தான் முதலில் வைக்கிறது.

என் கேள்வி வேறு. படித்துவிட்டுப் போகிறவன் டாக்டர் முன் எதைச் சொல்கிறான்?

என் வலிக்கு நான் ஒருவனே சாட்சி. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், விண்விண்ணென்று தெறிப்பது, சுரீரென்று பாய்வது — தமிழில் ஒவ்வொன்றும் வேறு வேறு அனுபவம். குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பிறகு வலது அடிவயிற்றுக்கு நகரும். டாக்டர் கேட்பது இந்த வரிசையைத்தான். முந்தின இரவே வரிசையைப் படித்துவிட்டவன், எங்கே தொடங்கியது என்று கேட்டால் தன் வயிற்றிலிருந்து சொல்கிறானா, படித்ததிலிருந்து சொல்கிறானா? அவன் பொய் சொல்லவில்லை. உற்றுக் கவனித்தால் எந்த இடமும் கொஞ்சம் வலிக்கும். அவனுக்கே தெரியாமல் சாட்சி கலைக்கப்பட்டுவிட்டது.

கலைப்பதும் நடுநிலையாக நடப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் ரயன் வைட்டும் எரிக் ஹார்விட்ஸும் 2008ல் இதை ஆராய்ந்தார்கள். தலைவலி என்று தேடினால், காப்பியை நிறுத்தியதால் வரும் தலைவலியும் மூளைக் கட்டியும் ஏறக்குறைய சம அளவில் வந்து நின்றன. முன்னது சர்வசாதாரணம், பின்னது அபூர்வம். எழுதப்பட்டதன் அளவு, நேர்வதன் அளவு அல்ல. (1889லேயே ஜெரோம் கே. ஜெரோமின் கதைசொல்லி நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் புரட்டி, ஒன்றைத் தவிர எல்லா நோயும் தனக்கு இருப்பதாகக் கண்டுகொண்டான். அந்த ஒன்று ஏன் விடுபட்டது என்று அவனுக்கு வருத்தம் வேறு.)

ஆனாலும் தேடுகிறவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. டால்ஸ்டாயின் இவான் இலியிச்சும் மருத்துவ நூல்களைப் படிக்கிறான். அவனுக்கு வேண்டியது ஒரே பதில்: இது ஆபத்தா, இல்லையா? டாக்டருக்கோ அது கேள்வியே அல்ல. சிறுநீரகமா, குடலா என்பதுதான் பிரச்னை. நீதிபதியான அவன் குற்றவாளிகளை எப்படிப் பார்த்தானோ அப்படியே டாக்டர் அவனைப் பார்க்கிறார். அந்தப் பதில் கிடைக்காதவரை மனிதன் புத்தகத்தைப் புரட்டத்தான் செய்வான்.

நான் படிக்கிறேன். படித்ததை டாக்டரிடம் மறைப்பதுமில்லை. ஆனால் வலியை, படிக்குமுன் எனக்கு வந்த சொல்லிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் தேடுகிறேன். அதை முதலில் வாசிப்பேன்; படித்தது அப்புறம். இதைக் கேட்க அவர் நிமிர்ந்து பார்க்கவேண்டும். வெளியே நாற்பத்தேழாவது டோக்கன் வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.