ஆட்டமும் அஸபிய்யத்தும்

இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடுகின்ற நாளில் கடைவீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அஸருக்குப் பள்ளிக்கு வரும் வாலிபர்களில் பாதிப் பேரைக் காணோம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடித்த பின்னும் ‘இந்த ஓவர் முடியட்டும்’ என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. வக்து தவறுவதைப் பற்றி எழுதப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். இங்கே நாம் எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. ஓர் அணி ஜெயிக்க வேண்டுமென்று நெஞ்சம் துடிப்பதும், அது தோற்றால் சோறு இறங்காமல் போவதும், எதிரணி தோற்றால் உள்ளம் குளிர்வதும் மார்க்கத்தின் பார்வையில் என்ன? எதுவரை அது ஆகுமான விருப்பம், எந்த இடத்தில் அது குற்றமாகிறது?

‘விளையாட்டுத்தானே, இதில் போய் மார்க்கத்தை ஏன் இழுக்கிறீர்கள்?’ என்று சிலர் கேட்கக்கூடும். விளையாட்டு விளையாட்டாகவே நின்றிருந்தால் நாமும் பேசாமல் இருந்திருப்போம்.

நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது மிகுந்த வருத்தத்தை உண்டாக்கிற்று. அதைக் கண்டுகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் ஒரு நாள் தாழ்த்திவிடுவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள். புகாரியில் வரும் செய்தி இது. இதை நாம் நின்று கவனிக்க வேண்டும். தோல்விக்காக வருந்திய ஸஹாபாக்கள் கண்டிக்கப்படவில்லை. முந்திச் சென்ற அந்த அரபியை யாரும் ஏசவுமில்லை, அவருடைய ஒட்டகத்தின் மீது குறை சொல்லவுமில்லை. வருத்தம் மனித இயல்பு என்று விடப்பட்டது. முந்தியவருக்கு அவருடைய வெற்றி முழுதாகக் கொடுக்கப்பட்டது.

தன் கூட்டத்தாரை நேசிப்பது அஸபிய்யத், அதாவது இனவெறி ஆகுமா என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டதும் உண்டு. ஆகாது என்றும், அநியாயத்தில் தன் கூட்டத்துக்குத் துணை போவதே அஸபிய்யத் என்றும் விளக்கம் தந்ததாக இப்னு மாஜாவில் வருகிறது. ஆக, பக்கம் சேருவதில் குற்றமில்லை. பக்கம் சேர்ந்த பிறகு நியாயத்தை விட்டுவிடுகிறோமா என்பதே கேள்வி. அது வெற்றியின்போது வெளியே தெரிவதில்லை. தோற்ற பிறகுதான் தெரிகிறது.

இந்த இரு அணிகளும் முதன்முதலாக டெஸ்டில் மோதியது 1952 அக்டோபரில், டெல்லியில். பாகிஸ்தானுக்குத் தலைமை தாங்கியவர் அப்துல் ஹபீஸ் கர்தார். அதே மனிதர் 1946-ல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று ஆடியவர். அவருடன் வந்திருந்த அமீர் இலாஹியும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆடியவரே. எதிரே இந்திய அணியில் ஹைதராபாத்தின் குலாம் அஹ்மத் இருந்தார். அவரும் ஹேமு அதிகாரியும் கடைசி விக்கெட்டுக்கு 109 ரன் சேர்த்தார்கள். வினூ மன்கட் இரு இன்னிங்சிலுமாக 13 விக்கெட் வீழ்த்த, இந்தியா இன்னிங்ஸ் வெற்றி கண்டது. அடுத்த ஆட்டம் லக்னோவில். பசல் மஹ்மூத் 12 விக்கெட் எடுத்து அதே கணக்கைத் திருப்பிக் கொடுத்தார். இவர்தான் 1947-ல் ஆஸ்திரேலியா செல்லும் இந்திய அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர். நேற்று வரை ஒரே அறையில் உடை மாற்றியவர்கள் இன்று எதிரெதிர் அறைகளில் நின்றார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்குப் பின் வேலிச் சண்டை எத்தனை கடுமையாக இருக்கும் என்பதை நம் ஊர்களில் பார்க்கிறோமல்லவா?

அதன் பின் 1954-55-லும் 1960-61-லும் நடந்த பத்து டெஸ்டுகளும் முடிவின்றிப் போயின. ஜெயிக்கும் ஆசையை விடத் தோற்றுவிடுவோமோ என்ற பயமே இரு பக்கமும் மேலோங்கி நின்றது. பிறகு இரண்டு யுத்தங்கள் குறுக்கிட்டு, 1978 வரை ஆட்டமே இல்லை.

1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ரன் தேவை. சேத்தன் சர்மா வீசிய பந்தை ஜாவேத் மியான்தாத் சிக்ஸருக்குத் தூக்கினார். அதற்குப் பின் ஷார்ஜாவில் ஜும்ஆ நாளன்று இந்தியா ஜெயிக்காது என்றொரு பேச்சு கிளம்பி இரு நாட்டிலும் பரவிற்று. ஒரு சாரார் அதைச் சகுனமாகப் பயந்தார்கள். மறு சாரார் அதை அல்லாஹ்வின் அருளென்று கொண்டாடினார்கள். இரண்டும் அறியாமையே. ஏனெனில் 1985 மார்ச் 22-ம் ஒரு வெள்ளிக்கிழமைதான். அதே ஷார்ஜாவில் 125 ரன் மட்டுமே எடுத்த இந்தியா பாகிஸ்தானை 87-க்குள் சுருட்டியது. ஜும்ஆவின் சிறப்பைப் பந்துக்கும் மட்டைக்கும் காவல் வைப்பவர்கள் அந்த வெள்ளியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

சேத்தன் சர்மாவின் கதையைக் கேளுங்கள். மறு ஆண்டு, 1987 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். உலகக் கோப்பையில் அதை முதலில் செய்தவர் அவரே. ஆயினும் அவர் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு நினைவு வருவது ஷார்ஜாவின் அந்த ஒரே பந்துதான். 1996 மார்ச்சில் பெங்களூரில் இந்தியாவுடனான கால் இறுதியில் காயத்தால் ஆடாமல் நின்ற வஸீம் அக்ரமுக்குச் சொந்த நாட்டிலேயே பொம்மை கொளுத்தினார்கள். வேண்டுமென்றே ஆடாமலிருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஒரு முஸ்லிமைப் பற்றி ஆதாரமில்லாமல் தீய எண்ணம் கொள்வது ஹராம் என்று மேடையில் கேட்டுத் தலையசைத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டார்களா?

இனி நம் வாசலுக்கே வருவோம். 2021 அக்டோபர் 24, துபாய். இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அன்று பந்து வீசிய இந்தியர் எவருக்கும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. ஆனால் கணக்குக் கேட்கப்பட்டது முஹம்மது ஷமி ஒருவரிடம் மட்டும். காரணம் அவருடைய பெயர். அதே நாளில் பாகிஸ்தானின் அமைச்சர் ஷேக் ரஷீத், இது இஸ்லாத்தின் வெற்றி என்றும், இந்திய முஸ்லிம்களின் உணர்வும் தங்களோடுதான் என்றும் பேசினார். அங்கே ஒருவர் நம்மைக் கேளாமலே நம் இதயத்துக்கு வாரிசு கொண்டாடுகிறார். இங்கே சிலர் நம் இதயத்தைச் சந்தேகிக்கிறார்கள். பார்க்கப்போனால் இருவர் கையிலிருப்பதும் ஒரே அளவுகோல்தான். மேலே சொன்ன அஸபிய்யத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குக் கிடைக்காது.

அந்த ஆட்டத்தின் நடுவே முஹம்மது ரிஸ்வான் மைதானத்தில் தொழுததை, ஹிந்துக்கள் மத்தியில் தொழுதது தனக்கு விசேஷமாகப் பட்டது என்று வக்கார் யூனுஸ் தொலைக்காட்சியில் சொன்னார். ரப்புக்கும் அடியானுக்கும் இடையேயுள்ள இபாதத் எதிரணியைச் சீண்டும் கருவியாகிவிட்டது. ஆனால் அவர் பிறகு தவறென்று மன்னிப்புக் கேட்டார். அதைப் பாராட்டவே வேண்டும். ஷமிக்காக எதிரணி ரிஸ்வானே பரிந்து எழுதினார். இந்திய அணித் தலைவர் விராட் கோஹ்லியும், மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது மனிதன் செய்யக்கூடிய மிகக் கீழான காரியம் என்று பகிரங்கமாகச் சொன்னார். மறு ஆண்டு ஒரு கேட்ச்சைத் தவறவிட்டதற்காக அர்ஷ்தீப் சிங் என்ற சீக்கிய வாலிபர் இதே பாட்டைப் பட்டார். நோய் ஒரு சமூகத்தோடு நிற்பதில்லை.

நமக்குள்ளும் ஒன்றை ஒளிக்காமல் பேசிக்கொள்வோம். பெயர்களைப் பார்த்துப் பக்கம் சேருகிற சிலர் நம்மிலும் உண்டு. வஸீம் அக்ரமின் பந்து வளைவதை ரசிப்பது துரோகமுமல்ல, ஈமானுமல்ல. ஆனால் பதினோரு பேர் பந்தாடுவதில் தீன் ஜெயிக்கிறது, தோற்கிறது என்று நினைப்பவர் தீனை எத்தனை சிறிதாக்கிவிடுகிறார்! 2023 அக்டோபர் 23 அன்று சென்னை சேப்பாக்கத்தில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டில் வென்றது. அன்று இஸ்லாம் ஜெயித்ததா, தோற்றதா?

அதே சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று நடந்ததை நம்மில் பலர் அறிவோம். அந்தத் தொடருக்குச் சற்று முன் டெல்லி மைதானத்தின் ஆடுகளம் தோண்டிப் பாழாக்கப்பட்டிருந்தது. அதனாலேயே முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. 271 ரன் வேண்டியிருக்க, முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து வெளியேறினார். அப்போது தேவை 17. கடைசி நான்கு விக்கெட்டும் நான்கே ரன்னில் போயின. இந்தியா 12 ரன்னில் தோற்றது. மைதானம் சற்று நேரம் பேச்சற்றுக் கிடந்தது. பிறகு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு வருத்தம் இல்லாமலா இருந்தது? வருத்தத்தோடுதான் முந்தியவனுக்கு உரியதைக் கொடுத்தது. 2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது நம் சென்னையின் பாலாஜியை அங்குள்ள ரசிகர்கள் கொண்டாடிய செய்தியையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

அதே 1999-ல், மூன்றே வாரத்துக்குள், கொல்கத்தாவில் டெண்டுல்கர் ரன் அவுட் ஆன முறையில் ஆத்திரம் கொண்டு கூட்டம் கல்லும் பாட்டிலும் வீசியது. அரங்கைக் காலி செய்துவிட்டுத்தான் ஆட்டத்தை முடிக்க முடிந்தது. இரு நாடுகளும் தனித் தொடர் ஆடிப் பல்லாண்டு ஆகிறது. கடைசியாக ஆடியது 2013 ஜனவரியில். 2025 செப்டம்பரில் துபாயில் ஆட்டம் முடிந்து கைகுலுக்கலும் இல்லாமல் பிரிந்தார்கள். அதன் பின்னே பஹல்காமில் உயிரிழந்தவர்களின் துக்கம் இருக்கிறது. அதன் அரசியலைப் பேசுவது இந்தப் பக்கங்களின் வேலையல்ல.

பள்ளிக்கூடத்தில் சக பிள்ளைகள் ‘நீ யார் பக்கம்?’ என்று கேட்டதாக ஒரு பையன் வீட்டுக்கு வந்து சொன்னால் பெற்றோர் பதறுகிறார்கள். சிலர் ‘எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டு’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். பயத்தில் தட்டும் கைதட்டலைப் பிள்ளைக்குப் பழக்கலாகாது. அவன் பிறந்து வளரும் நாட்டின் அணி ஜெயிக்க வேண்டுமென்று விரும்புவது இயல்பு, அதற்காகத் துஆ கேட்டாலும் தடையில்லை. எதிரணியில் ஒருவர் நன்றாக ஆடினால் அதையும் வகுப்பில் தலைநிமிர்ந்து சொல்லட்டும். தோற்ற அன்று எந்தப் பெயருள்ள ஆட்டக்காரரை யார் ஏசினாலும் அதில் சேராமல் எழுந்து வரட்டும். அந்நேரம் பெரும்பாலும் இஷாவுக்கும் வக்து வந்திருக்கும்.