வினைப்பயனா? பஞ்சுத் தூசியா?



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மைசூரில் நம்மவர் கூடினோம். பஞ்சசீலம் ஏற்றபின், மூப்பும் பிணியும் என்னும் பொருள்பற்றி நாம் சிறிது பேசினோம். பேச்சு முடிந்ததும், சுவரிற் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். நம்மோடு ஒரே ஆலையில், ஒரே ஷிப்டில் பல்லாண்டு உழைத்தவர். அவர்க்கு வயது அறுபத்து மூன்று; பார்ப்பவர்க்கோ எண்பது என்று தோன்றும். நான்கு சொல் பேசினால் ஒருமுறை இருமுவார். அவர் கேட்டது இது:

"தம்பி, பிறந்தவனுக்கு மூப்பும் பிணியும் உண்டு என்று பகவனே சொன்னதாகச் சொல்லுகிறாய். அப்படியானால் என் இருமலுக்கு மருந்து எதற்கு? போன பிறவியில் செய்ததை இந்தப் பிறவியில் இருமித் தீர்க்கிறேன். அவ்வளவுதானே?"

கூட்டத்திற் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பெரியவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை, அவ்வாறே நம்பியிருந்தார். அன்று நாம் சொன்ன விடை அரைகுறை. ஆதலின் அதனை இங்கே முற்றச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மூப்பு என்பது ஒன்று. முன்மூப்பு என்பது வேறொன்று. மூப்பு எவரையும் விடாது. பகவன் புத்தரே தம் எண்பதாம் ஆண்டில், கயிறும் வாரும் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டியோடு தம் உடலை ஒப்பிட்டார். அரசன், ஆண்டி, ஆலை முதலாளி, ஆலைத் தொழிலாளி யாவர்க்கும் அவ்வண்டி ஒருநாள் தேயும். இதில் முறையிடுதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஒருவனது வண்டி எண்பதாம் ஆண்டில் தேய, மற்றொருவனது வண்டி ஐம்பதிலேயே அச்சு முறிந்து கிடக்குமாயின், அதற்கும் இயற்கையென்று பெயரிடலாமா? அவ்வண்டியின்மேல் அளவு கடந்த பாரம் ஏற்றியது யார், எண்ணெயிடாது ஓட்டியது யார் என்று கேட்க வேண்டாமா? மூப்பைப் பொறுத்துக்கொள்ளுதல் அறிவு. முன்மூப்பை மூப்பென்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளுதல் அறியாமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிய குழப்பமே நம் தெருக்களிற் பலருடைய ஆயுளைக் குறைக்கின்றது.

இனி, வினை என்னும் சொல்லுக்கு வருவோம். இராசகிருகத்து வேணுவனத்திற் பகவன் தங்கியிருந்தபோது, மோளிய சிவகர் என்னும் பரிவிராசகர் அவரை அணுகி ஒன்று வினவினார். மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் உரைக்கின்றனரே, தங்கள் கருத்து யாது என்பது அவ்வினா. பகவன் அக்கொள்கையை ஒப்பவில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு. சிலேத்துமத்தால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. மூன்றும் கூடி வருவது உண்டு. பருவ மாறுதலால் வருவது உண்டு. உடலைப் பேணாமையால் வருவது உண்டு. பிறர் தாக்குதலால் வருவது உண்டு. வினையால் வருவதும் உண்டு என எட்டாகப் பகுத்துக் காட்டினார். எட்டில் வினை ஒன்றே. ஏனைய ஏழும் கண்ணாற் காணத்தக்க, உலகம் அறிந்த காரணங்கள். அவற்றையெல்லாம் விட்டு, எல்லாம் வினையே என்பார் தாம் அறிந்ததற்கு அப்பாற் சென்று பேசுகின்றனர் என்பதே பகவனின் தீர்ப்பு.

அப்பெரியவரின் இருமல் இவ்வெட்டனுள் எதைச் சேரும்? நாம் இருபத்தோர் ஆண்டு கார்டிங் பகுதியில் நின்றவராதலின் இதற்கு விடை சொல்ல நமக்கு நூல் வேண்டியதில்லை. பேல் பிரித்த பஞ்சைப் புளோரூமில் உதறும்போதும், கார்டிங் இயந்திரத்திற் சீவும்போதும், கண்ணுக்குத் தெரியாத தூசி எழும். புருவமும் தலைமயிரும் வெளுத்து, இருபது வயது இளைஞனும் கிழவன்போற் காண்பான். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினால் வெளிவெண்மை போய்விடும். உள்ளே போன தூசி போகாது. ஷிப்டு முடிந்ததும் ஒரு கட்டி வெல்லம் தின்றால் தூசியெல்லாம் இறங்கிவிடும் என்று நாம் யாவரும் நம்பினோம். வெல்லம் போவது இரைப்பைக்கு. தூசி தங்குவது நுரையீரலில். இரண்டுக்கும் வழி வேறு என்பதை எவரும் நமக்குச் சொல்லவில்லை.

இந்நோய்க்கு மருத்துவ நூலிற் பிசினோசிஸ் என்று பெயர். பஞ்சுத்தூசி நோய் எனலாம். இதன் தொடக்கம் விந்தையானது. ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குச் சென்றதும் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும், செவ்வாய், புதனில் தளரும். சில ஆண்டுகள் சென்றால் அவ்விறுக்கம் வாரத்தில் மற்ற நாட்களுக்கும் பரவும். தூசியினின்று விலகாது மேலும் பல ஆண்டு உழைத்தால், வேலையை விட்ட பிறகும் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. பீடி குடிப்பவர்க்குக் கேடு இரட்டிக்கும். அன்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். முற்பிறவி வினை என்றால் அது ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்துத் திங்கட்கிழமை வேலைக்கு வருமோ? வினைக்கும் வார விடுமுறை உண்டோ?

இதற்கு இன்னும் பெரிய சான்று கோலார் தங்கவயல். நம்மிற் பலர்க்கு அங்கே உறவுண்டு. 1880-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலக் கம்பெனி அங்கே பொன் எடுக்கத் தொடங்கியபோது, நிலத்தின் அடியில் இறங்கியவருட் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் தழைத்தது அம்மக்களிடையே தான். பாறையைத் துளைக்கும்போது எழும் கல்தூசி அவர்கள் நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கியது. நெடுங்காலம் அது இருமல், இளைப்பு, காசம், தலைவிதி என்று பல பெயரால் அழைக்கப்பட்டது. 1940-ஆம் ஆண்டில் மைசூர் அரசு விதி வகுத்து, அதனை ஈட்டுத்தொகை பெறத்தக்க தொழில்நோய் என ஏற்றது. அந்தப் பத்தாண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதின்மர்க்கு மேல் அந்நோய் இருக்கக் கண்டனர்.

1939-இல் இருமியவனும் 1941-இல் இருமியவனும் ஒரே பாறையின் தூசியையே உண்டவர். முன்னவனது விதி, பின்னவனது நோய். இருமல் மாறவில்லை, அதற்கு இட்ட பெயர் மாறியது. பெயர் மாறியதும் பொறுப்பு வேறிடம் சென்றது. விதி என்றால் பொறுப்பு இருமுகிறவனுடையது. தொழில்நோய் என்றால் அவனை அங்கே நிறுத்தியவர்களுடையது. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு மூடப்பட்டது. சுரங்கத்தை மூடலாம், நுரையீரலிற் படிந்த தூசியை மூடும் கதவு இல்லை.

நம் மைசூரிலேயே வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. இளவரசி கிருஷ்ணாஜம்மணியின் பெயரால் 1921-ஆம் ஆண்டு காசநோய் ஆரோக்கிய நிலையம் ஒன்று இங்கே நிறுவப்பட்டது. அவ்விளவரசி காசநோய்க்கு இரையானவர். அரண்மனையுள் நோய் புகுந்தபோது, அரச குடும்பத்தார் அதனை முற்பிறவிப் பயன் என்று விட்டுவிடவில்லை. மருத்துவ நிலையம் எழுப்பினர். அது நற்செயல், ஏழைகளும் அதனாற் பயனுற்றனர். நாம் கேட்பது ஒன்றே: அரண்மனைக்கு வந்தால் நோய், நம் தெருவுக்கு வந்தால் வினையா?

2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒன்பது வட, கிழக்கு மாநிலங்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்தது. மேற்சாதி இந்துக்களைக் காட்டிலும் ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேலும், தாழ்த்தப்பட்ட மக்களின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேலும், முஸ்லிம்களின் ஆயுள் ஏறக்குறைய ஓர் ஆண்டும் குறைந்திருக்கக் கண்டது. செல்வ வேறுபாட்டைக் கணக்கிற் கொண்டு பார்த்தபோதும் இவ்விடைவெளி முழுதும் மறையவில்லை. வறுமை மட்டுமே காரணம் அன்று என்பது இதனால் விளங்கும். பிறப்பால் இழிவென்று ஒதுக்கப்பட்டவனது ஆயுளையும் அவ்வொதுக்கம் அரிக்கின்றது.

இவ்வளவும் எழுதும் நாம் குற்றமற்றவரல்லோம். அதையும் மறையாது சொல்லுதல் கடன். ஆலையை விட்டு அறவுரை கூற வந்த தொடக்க ஆண்டுகளில், நம்மோடு கார்டிங்கில் நின்ற நண்பர் ஒருவர் மூச்சுவிட இயலாது கிடந்தார். வாரந்தோறும் அவர் வீட்டுக்குச் சென்று, யாவும் நிலையற்றன, உடலைப் பற்றாதீர் என்று உரைத்தோம். அவர் கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருப்பார். நன்றாகப் பேசுகிறோம் என்று நமக்குள் ஒரு நிறைவும் இருந்தது. மருத்துவமனைக்குச் சென்றீரா என்று நாம் ஒருமுறையும் கேட்கவில்லை. அறுபதை எட்டுமுன் அவர் மறைந்தார். பதினாறாம் நாள் அவர் மனைவியார் நம்மிடம் சொன்னார்: "ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். உங்கள் பேச்சைத்தான் கேட்பார்."

நாம் சொன்ன அறம் பொய்யன்று. சொன்ன வேளை தவறு. பகவன் நடந்து காட்டிய முறை வேறு. வயிற்றுக் கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் கண்டார். அவரை ஒருவரும் கவனிக்கவில்லை. பகவன் முதலிற் செய்தது உபதேசமன்று. ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாமே அதனை ஊற்ற, ஆனந்தர் கழுவ, இருவரும் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே மற்றப் பிக்குகளைக் கூட்டி, நோயாளியைப் பேணுதல் தம்மைப் பேணுதல் போலும் என்று அறிவுறுத்தினார். முதலில் நீர், பிறகே நெறி. முதுமையுற்ற நகுலபிதாவுக்கு, உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதிருக்கப் பழகுக என்று பகவன் கூறியது உண்மை. அது மருந்துக்குத் துணையாக வந்த சொல். மருந்துக்கு மாற்றாக வந்ததன்று. சிகாலருக்குச் சொன்ன இல்லறநெறியிலும், வேலை வாங்குவோர் தொழிலாளியின் வலிமைக்கேற்ப வேலை தருதலும், நோயுற்றபோது பேணுதலும் கடமையென்று வகுத்தார். அக்கடமை தவறியதால் வந்த நோயை நம் முதியோர் தம் பாவமென்று சுமப்பது எவ்வளவு பெரிய அநீதி!

ஆகவே செய்ய வேண்டுவன சில உள. நம் முதியோர்க்கு வீட்டுமொழி தமிழ். மருத்துவமனை மொழி கன்னடம். கடைத்தெருவிற் பேசப் போதும் கன்னடம் நெஞ்சின் நோவைச் சொல்லப் போதாது. 'கெம்மு' என்று ஒரு சொல் சொல்லி, இருமல் மருந்தோடு திரும்பிவிடுகின்றனர். பள்ளியிற் கன்னடம் படித்த பேரனோ பேத்தியோ உடன் செல்ல வேண்டும். எத்தனை ஆண்டு, எந்தப் பகுதியில், எந்தத் தூசியில் உழைத்தார் என்பதை மருத்துவர் கேளாவிடினும் சொல்ல வேண்டும். பஞ்சுத்தூசி நோயும் கல்தூசி நோயும் சட்டப்படி ஈட்டுத்தொகை பெறத்தக்க தொழில்நோய்கள் என்பதை இன்று வேலையில் இருக்கும் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தாமும் தம் துணைவரும் மருத்துவம் பெறலாம். பழைய அட்டையைப் பெட்டியடியிற் போட்டு மறவாதீர். எழுபது வயது நிறைந்தவர்க்கு, வருமானம் பாராது, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை தரும் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. பீடியை விடுதற்கோ அரசாணை வேண்டியதில்லை.

அன்று கேள்வி கேட்ட பெரியவரை நாமே அழைத்துச் சென்றோம். பேத்தி உடன் வந்து, தாத்தாவின் முப்பதாண்டுப் பஞ்சாலைக் கணக்கை மருத்துவரிடம் கன்னடத்தில் தெளிவாகச் சொன்னாள். ஊதச் சொல்லிச் சோதித்தார்கள். நோய் முற்றும் தீராது. மூச்சிழுக்கும் மருந்தால் இளைப்புத் தணியும் என்றார்கள். வெளியே வந்ததும் மரத்தடியிற் சிறிது நேரம் பேசாதிருந்தார் பெரியவர். பிறகு சொன்னார்: "தம்பி, இத்தனை வருடமும் நான் ஏதோ பெரிய பாவி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்."

நுரையீரலிற் படிந்த தூசியை நம்மால் எடுக்க முடியவில்லை. மனத்திற் படிந்த தூசி அன்று நீங்கியது. இரண்டாவதை நீக்க மருத்துவர் வேண்டியதில்லை, அன்பர்களே, நாமே போதும். உங்கள் வீட்டில் இருமும் முதியவரிடம் இன்று மாலை சென்று அமருங்கள். என்ன பாவம் செய்தீர் என்று கேளாதீர்கள். என்ன வேலை செய்தீர் என்று கேளுங்கள்.