கண்ட நதியும் காணாத நதியும்

பயணம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்பர். எத்தனை நாடுகளைக் கண்டால் அந்தப் பக்குவம் வந்து சேரும்?

பெங்களூருவில் ஓய்வு பெற்றோர் பலர் இன்று உலகைச் சுற்றி வருகின்றனர். பல நாடுகளைக் கண்டு அலுத்தவர்களுக்கும் அலுக்காதது ஐரோப்பிய நதிக் கப்பல் பயணம். ஊருக்கு ஊர் பெட்டியைச் சுமக்க வேண்டாம். உறங்கும் அறையே ஊர்களைத் தேடிச் செல்லும். ரைன் நதியின் இரு கரைகளிலும் திராட்சைத் தோட்டங்கள், பழங்கோட்டைகள், கொலோன் நகரின் பேராலயம்! திரும்பி வந்தவர்கள் வியப்புடன் கூறுவார்கள்: ‘எவ்வளவு தூய்மையான நதி!’

அந்தத் தூய்மை தானாக வந்ததன்று. ஒரு காலத்தில் ‘ஐரோப்பாவின் சாக்கடை’ என்று பழிக்கப்பட்ட நதி அது. 1986 நவம்பர் 1 அன்று, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்கு அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயணைத்த நீருடன் பூச்சிக்கொல்லிகள் கலந்து ஓட, நதி செந்நிறமாயிற்று. மீன்கள் பெருந்திரளாக மடிந்தன. கரையோர நாடுகள் விழித்துக்கொண்டன. 1987-இல் கூட்டாகச் செயல்திட்டம் வகுத்து உழைத்தன. மறைந்துபோயிருந்த சால்மன் மீன்கள் மீண்டும் வந்தன. பயணி காணும் அழகுக்குப் பின்னே ஒரு பிராயச்சித்தம் இருக்கிறது.

அதே ரைன் நதியில் 1896-இல் சுவாமி விவேகானந்தர் சேவியர் தம்பதியருடன் கோப்லென்ஸிலிருந்து கொலோன் வரை நீராவிக் கப்பலில் சென்றார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் பெங்களூருக்கு வந்தபோது, அவர் உலகம் அறியாத பரிவிராஜகர். பாரதத்தின் வறுமையைக் கண்ட அதே கண்கள்தாம் மேலைநாடுகளையும் கண்டன. அங்குள்ளோர் ஒன்றுகூடிச் செயலாற்றும் திறனை சுவாமிஜி வியந்ததோடு நிற்கவில்லை. தாயகம் திரும்பி, 1897 மே 1 அன்று ராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தார். கண்டது தொண்டாக மலர்ந்தது.

அப்படியானால், இன்பமாகப் பயணம் செய்வது குற்றமா? இல்லை. உழைத்தவர் இளைப்பாறுவதில் தவறேதும் இல்லை. ஆனால் அனுபவித்தல் வேறு, அனுபவம் வேறு. முன்னது நுகர்வோடு முடிகிறது. பின்னது நுகர்ந்தவனை மாற்றுகிறது. காசிக்குச் சென்ற நம் முன்னோர் கங்கை நீரைக் கொணர்ந்து ராமேசுவரத்தில் அபிஷேகம் செய்தனர். யாத்திரை என்பது வெறுங்கையோடு திரும்புவதன்று. அவ்வாறெனில், ரைனிலிருந்து கொண்டுவர வேண்டிய தீர்த்தம் எது?

பெங்களூரு பசவனகுடியில், ஸ்ரீராமகிருஷ்ண மடம் அமைந்துள்ள சாலையிலேயே பெரிய நந்தி கோயில் இருக்கிறது. அந்த நந்தியின் திருவடியில் தோன்றியதாக நம்பப்படும் நதி விருஷபாவதி. இன்று அது நகரின் கழிவுநீரையும் ஆலைக்கழிவுகளையும் சுமந்து அர்க்காவதியில் கலக்கிறது; அர்க்காவதி காவிரியில் கலக்கிறது. ரைனைப் போற்றியவரின் கார் மைசூர் சாலையில் இந்நதியைக் கடக்கையில், கண்ணாடி மேலே ஏறுகிறது. தொலைவில் உள்ள தூய்மையைப் போற்றுவது எளிது. அருகில் உள்ள அழுக்கில் தனக்கும் பங்குண்டு என்று ஏற்பதுதான் கடினம். தன் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று அவர் ஒரு நாளேனும் கேட்டதுண்டா?

அந்தக் கேள்விதான் ரைனிலிருந்து கொணர வேண்டிய தீர்த்தம். கேட்டவர் தம் வீட்டிலும் குடியிருப்பிலும் செய்ய வேண்டியதைத் தொடங்குவார். அக்கறையுள்ள நால்வரோடு கைகோப்பார். ரைனைக் கண்டு மகிழ்ந்த கண்கள் விருஷபாவதியைக் கண்டு கலங்கும் நாளில்தான் அவர் மெய்யாகவே அனுபவசாலி ஆகிறார். அன்றுதான் அவருடைய பயணம் நிறைவு பெறுகிறது, தொண்டு தொடங்குகிறது.