பிள்ளையின் கழுத்தில் தந்தையின் கடன்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



வெளியூர் சொந்தக்காரர்கள் வீட்டில் நிகாஹ் நிச்சயமானால் பட்டு எடுக்க நம் காஞ்சிபுரத்துக்குத்தான் வருகிறார்கள். நாமும் அவர்களோடு கடைக்குப் போகிறோம். ஜரிகை அசலா என்று கேட்கிறோம். எடையைப் பார்க்கிறோம். கரையைத் தடவிப் பார்க்கிறோம். பெண்ணுக்குப் பட்டு ஆகும், மாப்பிள்ளைக்கு ஆகாது என்ற மஸ்அலா மக்தபில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். உடுத்துகிறவர் யார் என்பதில் இவ்வளவு பேணுதலாக இருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் அதை நெய்த கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன வயது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

காஞ்சிப் பட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்வார்கள். இதற்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெய்கிறவர் ஒருவரால் முடியாது. தறியின் மறு ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு துணையாள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் ஒரு சிறுவன், அல்லது ஒரு சிறுமி.

அது எல்லா வீட்டிலும் சொந்தப் பிள்ளையாக இருக்கவில்லை. தகப்பனாருக்கு வைத்தியச் செலவு வந்திருக்கும். மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்திருக்கும். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அந்தக் கடனுக்காகப் பிள்ளை தறிக்குப் போகும். கூலியில் ஒரு பகுதி கடனுக்கென்று பிடிக்கப்படும். கடன் தீருவதற்குள் அடுத்த கடன் வரும். 2003ஆம் ஆண்டு மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் கர்நாடகமும் வாரணாசியும் இருந்தன. நம் காஞ்சிபுரமும் இருந்தது.

அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் பாடுபட்டார்கள். தறியிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. மதிய உணவும் கல்வி உரிமைச் சட்டமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தன. இன்று தறிகளே குறைந்துவிட்டன. இதை மறைத்துப் பேசினால் அது நீதியாகாது. ஆனால் கடன் குறைந்துவிட்டதா? தறி இல்லாத வீட்டில் அந்தக் கடன் வேறு வாசல் வழியாக வருகிறது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பையன் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறான். பிரியாணிக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். அவன் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கடன் நோட்டும், ஒரு நோயாளியும், தனியாகத் தவிக்கும் ஒரு தாயும் அங்கே இருப்பார்கள்.

இந்த இடத்தில் நம் மனசாட்சிக்கு ஒரு கேள்வி வருகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் செய்யவேண்டியது என்ன?

நாம் வழக்கமாகச் செய்வது உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம். ரமளானில் ஒரு ஜோடி துணி. பெருநாளைக்குப் பிரியாணி. இதெல்லாம் நல்ல அமல்தான், அல்லாஹ் கபூல் செய்வானாக. ஆனால் கொஞ்சம் சிந்தியுங்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாதது நோட்டு இல்லாததால் அல்ல. அவன் கழுத்தில் அவன் வாங்காத ஒரு கடன் தொங்குகிறது. அவன் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டு, கழுத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வருகிறோம்.

அல்குர்ஆனில் 90ஆவது சூரா அல்பலத். அதில் அல்லாஹ் ஒரு செங்குத்தான மலைப்பாதையைப் பற்றிப் பேசுகிறான். மனிதன் ஏறத் தயங்கும் பாதை. அது என்ன என்று அவனே கேட்டு, அவனே விளக்குகிறான். முதலில் சொல்வது, ஒரு கழுத்தை அடிமைத்தளையிலிருந்து விடுவிப்பது. அதன் பிறகுதான் பசி நாளில் உறவுக்கார அநாதைக்கும் மண்ணில் கிடக்கும் ஏழைக்கும் உணவளிப்பதைச் சொல்கிறான். உணவளிப்பது லேசான காரியம் அல்ல, அதுவும் அந்த மலைப்பாதையில் சேர்ந்ததுதான். ஆனாலும் கழுத்தை விடுவிப்பது முதலில் வந்திருப்பதைக் கவனியுங்கள். நாம் உணவளிப்பதோடு நின்றுவிட்டு, பாதை முழுவதும் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபியவர்கள் கேட்டார்கள். மூன்று தீனார் இருக்கிறது என்றார்கள் தோழர்கள். அடைக்க எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை. நீங்களே உங்கள் தோழருக்குத் தொழுகை நடத்துங்கள் என்று சொல்லி நபியவர்கள் விலகிக்கொண்டார்கள். அப்போது அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகே நபியவர்கள் தொழுவித்தார்கள். இது புகாரியில் வரும் செய்தி. பிறகு அல்லாஹ் வெற்றிகளைத் தந்து பொதுநிதி வந்த காலத்தில் நபியவர்கள் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். ஒருவர் சொத்தை விட்டுச் சென்றால் அது அவருடைய வாரிசுகளுக்கு. கடனையோ ஆதரவற்ற பிள்ளைகளையோ விட்டுச் சென்றால் அது தம்முடைய பொறுப்பு, அவர்கள் தம்மிடம் வரட்டும் என்றார்கள்.

சகோதரர்களே, கடனையும் பிள்ளைகளையும் நபியவர்கள் சேர்த்தே சொன்னார்கள். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், கடன் உங்கள் பாடு என்று சொல்லவில்லை. கடன் நின்றால் அது பிள்ளை மேல்தான் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதே உண்மையை நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் வேறு வழியில் வந்து தொட்டது. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டவேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதிலாக அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசாங்கம் வேலைக்கு வழி செய்யவேண்டும். முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும். பிள்ளையை வெளியே கொண்டுவந்தால் மட்டும் போதாது, அந்த வீட்டு அடுப்பு எரிய வழி வேண்டும் என்பதுதான் இதன் சாரம்.

சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். ‘ஹஜ்ரத், அந்தக் காலத்தில் பிள்ளைகள் வேலை செய்யவில்லையா? சிறு வயதில் தறியில் உட்கார்ந்தால்தானே கைப்பக்குவம் வரும்? அனஸ் (ரலி) அவர்களே பத்து வயதில் நபியவர்களுக்குப் பணிவிடைக்கு வந்தவர்கள்தானே?’

நியாயமான கேள்வி. அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் நபியவர்கள் தம்மைப் பார்த்து ஒருமுறைகூட ‘சீ’ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டது பெற்ற தாய் உம்மு சுலைம் (ரலி). கடனுக்காக அல்ல, மகன் நல்ல இடத்தில் வளரவேண்டும் என்பதற்காக. அந்த வீட்டிலிருந்து அனஸ் (ரலி) எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்? இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்களை. பிள்ளையின் கை ஒரு வேலையைத் தொடலாமா என்பது மட்டும் கேள்வி அல்ல. அந்த வேலையால் வளர்வது யார் என்பதும் கேள்வி. பிள்ளை வளர்ந்தால் அது தர்பியத். பிள்ளையைத் தேய்த்து வேறொருவர் வளர்ந்தால் அது ளுல்ம். தறிக்குத் தம் பிள்ளையை அனுப்பாத ஒருவர், ஏழையின் பிள்ளைக்கு மட்டும் கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசினால், அந்தப் பேச்சை நாம் நம்பவேண்டியதில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடும்பத் தொழிலுக்கு விலக்கு இருந்தது. அந்த விலக்கைச் சொல்லி அடுத்தவர் பிள்ளையையும் சொந்தப் பிள்ளை என்று காட்ட வழி இருந்தது. 2016இல் செய்த திருத்தத்தின்படி 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது. சொந்த வீட்டுத் தொழிலில் உதவுவதும் பள்ளி நேரத்துக்கு வெளியேயும் விடுமுறையிலும் மட்டும்தான், அதுவும் ஆபத்தில்லாத வேலையில் மட்டும்தான். 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக்கூடாது. நம் கடையில், நம் பட்டறையில் நிற்கும் பையனின் வயதை இன்று மாலையே கேளுங்கள்.

அடுத்து, நம் ஜகாத்துக்கு வருவோம். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை அல்லாஹ் சூரா அத்தவ்பாவில் எண்ணிச் சொல்கிறான். அதில் கடன்பட்டவர்கள் ஒரு வகை. அடைக்க வழியில்லாத கடனாளிக்கு ஜகாத்தில் பங்கு இருக்கிறது. அது நம் தயவு அல்ல, அவருடைய ஹக். நம் மஹல்லாக்களில் எத்தனை ஜகாத் இந்த வகைக்குப் போகிறது? வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்கு நூறும் இருநூறுமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். நூறு பேருக்கு ஒரு நாள் உதவி. ஒரு வீட்டுக்கும் விடுதலை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாக் கடனையும் ஓடிப்போய் அடைத்துவிடாதீர்கள். முன்பணம் கொடுத்து ஆளையோ பிள்ளையையோ உழைப்பால் கட்டிப்போட்டிருந்தால், அது கொத்தடிமைக் கடன். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனை ரத்து செய்துவிட்டது. அதை நாம் ஜகாத்திலிருந்து கட்டினால், அநியாயம் செய்தவருக்கு அல்லாஹ்வின் பணத்தைக் கொடுத்தவர்களாவோம். அங்கே செய்யவேண்டியது கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ மனு கொடுத்து, விடுவிப்புச் சான்றிதழும் அரசு மறுவாழ்வு உதவியும் வாங்கித் தருவது. மருத்துவமனைக்காகவோ வீட்டு வாடகைக்காகவோ நேர்மையாக வாங்கிய கடன் என்றால், அங்கேதான் ஜகாத் போகவேண்டும். கடன் கொடுத்தவர் நம் ஜமாஅத்துக்காரராக இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறான் அல்லாஹ். விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்கிறான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் ஊரில் தறியில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவை முஸ்லிம் அல்லாத சகோதரர்களுடையவை. ஜகாத் பற்றிய சட்டம் வேறு. ஆனால் ஸதகாவின் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அண்டை வீட்டாரின் ஹக்கைச் சொன்ன மார்க்கம் அண்டை வீட்டாரின் மதத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. பிள்ளையின் பசிக்கும் பிள்ளையின் களைப்புக்கும் மதம் இல்லை.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலை மிம்பரில் வாசிக்கவேண்டாம், யாருடைய மானத்தையும் சந்தைக்குக் கொண்டுவரவேண்டாம். இரண்டு பெரியவர்கள் அந்த வீட்டுக்குப் போய் உட்காரட்டும். பிள்ளையைக் கண்டிக்க அல்ல, கடன் எவ்வளவு என்று கேட்க. பைத்துல்மாலிலிருந்து இந்த வருடம் நூறு வீட்டுக்குத் துணி கொடுப்பதோடு, இரண்டே இரண்டு வீட்டைக் கடனிலிருந்து முழுமையாக வெளியே கொண்டுவரட்டும். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் விதவைத் தாய்மார்களுக்கும் அரசாங்கம் தரும் உதவித்தொகைகள் இருக்கின்றன. படித்த இளைஞர்கள் அந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். ஒரு பிள்ளை அடிக்கப்படுவதையோ அடைத்து வைக்கப்படுவதையோ பார்த்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நமக்கெதற்கு வம்பு என்று கடந்து போகாதீர்கள்.

மஹ்ஷரில் நாம் நிற்கும்போது எத்தனை நோட்டுப் புத்தகம் கொடுத்தாய் என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கலாம். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளை தகப்பன் கடனுக்காகக் குனிந்து உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்கப்பட்டால்? தெரியாது என்று சொல்ல முடியாத அளவுக்கு இன்று கேட்டுவிட்டோம், வாசித்துவிட்டோம்.

யா அல்லாஹ்! எங்கள் ஊரின் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! கடன் சுமையிலிருந்து எங்கள் குடும்பங்களை விடுவிப்பாயாக! கொடுக்கும் கையில் இக்லாஸையும், வாங்கும் கைக்குக் கண்ணியத்தையும் தருவாயாக! அநாதைகளின் ஹக்கை நிறைவேற்றியவர்களாக எங்களை உன்னிடம் சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.