வளைந்த பாதையும் குறுகிய விருப்பமும்

மனிதனுடைய உடல் அவன் விரும்பிய கலைக்கு இடங்கொடாத காலம் வருமாயின், அக்கலையை அவன் கைவிடுதல் முறையா, உடலுக்கேற்ப அதனை மாற்றிக்கொள்ளுதல் முறையா என்பது ஒழுக்கவியலார் அதிகம் எடுத்துப் பேசாத வினாவாகும். கடமைகளைப் பற்றியே பேசிப் பழகியோர்க்கு இது சிறு வினாவாகத் தோன்றலாம். உழைப்பை இழந்தவனின் துயரை அனைவரும் உணர்வர்; விளையாட்டை இழந்தவனின் துயரோ எவருடைய கணக்கிலும் சேர்வதில்லை. ஆயினும், பிறர் ஏவலின்றி ஒருவன் தானே தேர்ந்து செய்யும் செயலில் அவனுடைய இயல்பு வெளிப்படுவதுபோல வேறெதிலும் வெளிப்படுவதில்லை. ஆதலின், வெளிப்பார்வைக்கு மிக எளியதாகிய மாதிரிப் புகையிரதக் கலையை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது பொருத்தமாகும்.

உண்மையான வண்டியை 87இல் ஒரு பங்காகவோ 160இல் ஒரு பங்காகவோ சுருக்கி, மேசைமீது பதித்த தண்டவாளத்தில் ஓட்டி மகிழ்வது இக்கலை. உலகின் பல நாடுகளில் முதியோர் பலர் இதில் ஈடுபட்டுள்ளனர். ஆனால் இது உடலிடம் வேண்டி நிற்பவை பல. மேசையின் அடியில் தவழ்ந்து அதன் நடுவிற் புகவேண்டும். மல்லாந்து கிடந்து மின்கம்பிகளை இணைக்கவேண்டும். 9 மில்லிமீற்றர் அகலமேயுள்ள பாதையில் நடுங்காத விரல்களாற் சக்கரங்களைப் பொருத்தவேண்டும். மூட்டுவாதம் கண்டவனுக்கும், கை நடுக்கமுடையவனுக்கும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவனுக்கும் இவை இயலா.

இதற்கு வழிகள் இல்லாமலில்லை. மேசையை நாற்காலியின் உயரத்திற்கேற்பத் தாழ்த்தலாம். தவழ்ந்து நுழையும் இடத்தில் திறந்து மூடும் கதவுபோன்ற பாலமொன்றை அமைக்கலாம். மின்னிணைப்புகளை மேசையின் முன்விளிம்பிற்குக் கொண்டுவரலாம். 160இல் ஒரு பங்கினை விடுத்து, கைக்கும் கண்ணுக்கும் இணங்கும் பெரிய அளவினை மேற்கொள்ளலாம். பெரிய அளவிற்கு இடம் மிகுதியாக வேண்டுமாதலின், நீண்ட பாதையை விடுத்து ஒரு நிலையத்தை மட்டும் அமைக்கலாம். எடுத்துக்காட்டாக, தெமோதரை வளையத்தை மேசைமேல் அமைக்க விரும்புவோன் கை எட்டாத அகலமுள்ள பரப்பினை ஆளவேண்டும். பதுளை நிலையத்தை அமைக்க விரும்புவோனுக்கோ சுவரோரத்து ஒடுங்கிய பலகையே போதும். அது பாதை முடியும் இடம். வண்டி வந்து நிற்பதும், இயந்திரம் கழன்று மறுமுனைக்குச் சென்று பூட்டப்படுவதும், வண்டி மீளப் புறப்படுவதுமாகிய அனைத்தையும் இருந்த இடத்திலிருந்தே நடத்தலாம்.

இவ்வாறு மாற்றப்பட்டது குறைவுபட்ட கலையன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா, மாற்றப்படாத கலை குறைவற்றது என்ற எண்ணத்தின்மீது நிற்கிறது. அவ்வெண்ணம் உண்மையன்று. இலங்கையின் அகலப்பாதை 1,676 மில்லிமீற்றர் அகலமுடையது. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்படும். ஆனால் அவ்வளவிற்குக் கடையிற் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீற்றர். மலைநாட்டுப் பாதையின் மிகக் கடிய வளைவின் ஆரை ஏறத்தாழ 100 மீற்றர். அதனை அளவு பிசகாமல் அமைத்தால், ஒரு முழு வட்டத்திற்கே இரண்டேகால் மீற்றருக்கு மேற்பட்ட குறுக்களவு வேண்டும். திடகாத்திரமான கலைஞனும் தன் அறைக்குள் அடங்கும்பொருட்டு அதனினும் நெருக்கமாகவே வளைக்கின்றான். அறையின் எல்லைக்கும் பணப்பையின் எல்லைக்கும் பணிவதை எவரும் இழுக்கெனக் கொள்வதில்லை. உடலின் எல்லைக்குப் பணிவது மட்டும் இழுக்காவது எங்ஙனம்?

மாதிரியை விடுத்து, மாதிரிக்கு மூலமான பாதையையே நோக்கினும் இவ்வுண்மை புலப்படும். 1867இற் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் 1894இற் பண்டாரவளையையும் அடைந்த பாதை, பதுளையை எட்டியது 1924இலேயாகும். பட்டிப்பொலையில் 6,000 அடிக்கு மேல் ஏறிய பாதை, பதுளையில் ஏறத்தாழ 2,200 அடிக்கு இறங்கவேண்டியிருந்தது. 44 அடி தூரத்திற்கு ஓரடிக்கு மேல் இறங்கலாகாது என்பது மலைநாட்டுப் பாதைக்கு வகுக்கப்பட்ட எல்லை. தெமோதரையில் மலையின் சரிவு அவ்வெல்லையை மீறியது. ஆகவே பாதை மலையைச் சுற்றி வந்து, தான் கடந்த நிலையத்திற்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியே வெளியேறுமாறு அமைக்கப்பட்டது. கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்டு இம்முறை தோன்றியதெனச் செவிவழிக் கதையொன்று வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவ்வளையத்தைக் கண்டு தோல்வியின் அடையாளமென எவரும் இகழ்வதில்லை. பாதை வளைந்தது, சேரவேண்டிய இடம் மாறவில்லை.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். விளையாட்டு என்பது தேவையற்ற தடைகளை மனமுவந்து ஏற்று அவற்றைக் கடக்க முயல்வது எனப் பேர்னாட் சூட்ஸ் என்னும் மெய்யியலாளர் 1978இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கலைஞன் அளவினைத் தானே தேர்கின்றான். நோயை அவன் தேர்வதில்லை. ஆகவே உடற்குறையையும் விளையாட்டின் விதிகளுள் ஒன்றெனப் புகழ்ந்துரைப்பது துன்புறுவோனை ஏளனம் செய்வதாகும். பாதையைத் தன் கையாற் பற்றவைத்து இணைப்பதிலேயே இன்பங்கண்ட ஒருவனுக்கு, ஆயத்தமாகக் கிடைக்கும் தண்டவாளம் அவ்வின்பத்தை மீட்டுத்தராது. அந்த இழப்பை இழப்பென்றே ஒப்புக்கொள்ளவேண்டும்.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொல்லிச் சென்ற நரியின் கதையை அனைவரும் அறிவர். இயலாததை விரும்பாமலிருக்க மனம் தானே பழகிக்கொள்ளும் இயல்பினை ஜோன் எல்ஸ்ரர் 1983இல் வெளிவந்த நூலொன்றில், அக்கதையின் பெயராலேயே ஆராய்ந்தார். நெடுங்காலம் வறுமையில் வாழ்ந்தோர் சிறியவற்றிலேயே நிறைவு காணப் பழகிவிடுவர் என்றும், அந்நிறைவைக் கொண்டு அவர்தம் நல்வாழ்வை அளத்தலாகாது என்றும் அமர்த்தியா சென் எச்சரித்தார். அவ்வாறாயின், மேசையைத் தாழ்த்திக்கொண்டவனும் நரியைப் போன்றவன்தானா?

அல்லன். நரி திராட்சையையே கைவிட்டது. மேசையைத் தாழ்த்தியவன் கைவிட்டது உயரத்தை மட்டுமே. வழியைத் திருத்துவது வேறு. விருப்பத்தைச் சுருக்குவது வேறு. முன்னையது அறிவின் செயல். பின்னையது பல வேளைகளில் தோல்வி அணியும் வேடம். ஒருவன் கைவிட்டது வழியா, பயனா என்று வினவுவதே இவ்விரண்டையும் பிரித்தறியும் உரைகல்லாகும். அவ்வினாவிற்கு விடைகூறும் உரிமை அக்கலையில் எதனை விரும்பினான் என்பதை அறிந்த அவனுக்கே உரியது. வண்டி ஓடுவதைக் காண விரும்பியவனுக்கும், காலவட்டவணைப்படி நிலையத்தை நடத்த விரும்பியவனுக்கும், மலையும் மரமும் தீட்ட விரும்பியவனுக்கும் விடைகள் வெவ்வேறாகும்.

எனினும் வழியைத் திருத்தும் பொறுப்பு முழுவதையும் அவன் தலையிலேயே சுமத்துதல் தகாது. கனடாவிற் பிறந்த இசைக்கலைஞர் நீல் யங், சிறுவயதில் 1951இல் இளம்பிள்ளைவாத நோய்க்கு ஆளானவர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த தம் மகன் மாதிரிப் புகையிரதத்தைத் தானே இயக்கவேண்டும் என அவர் விரும்பினார். விரல்நுட்பம் வேண்டாத பெரிய பொத்தானால் வண்டியைக் கட்டுப்படுத்தும் கருவியை அவர் உருவாக்கச் செய்தார். அம்முயற்சியிலிருந்து வளர்ந்த தொலைக்கட்டுப்பாட்டு முறையை 1990களில் லயனல் நிறுவனம் தன் வண்டிகளிற் கையாண்டது. அம்மகன் வெறும் பார்வையாளனாக அமர்ந்திருக்கப் பழக்கப்படவில்லை. கருவியே அவனிடம் பழகியது. ஒருவனுக்காகத் தாழ்த்தப்பட்ட மேசை பின்னர் பலருக்கும் உதவுவதாயிற்று.

ஊவாவின் தோட்டப்புறங்களை நோக்குமிடத்து இவ்வினா விளையாட்டின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. பறித்த கொழுந்தின் எடையால் நாள்தோறும் அளக்கப்பட்ட உடல் அங்குள்ளது. குறித்த எடைக்குக் குறைந்தால் அரைப்பேர் போடும் வழக்கம், உழைப்பின் அளவே உடலின் மதிப்பு என்ற பாடத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்துள்ளது. முதுகு வளைந்து பிரட்டுக்களத்திற்குச் செல்லவியலாத முதியவரிடம், அவர் எதனை விரும்பினார் என்று லயத்தில் எவரும் வினவுவதில்லை, அவரும் சொல்வதில்லை. அம்மௌனத்தை மனநிறைவென மயங்குவது பிழை. காமன் கூத்தில் ஆடமுடியாத முதியவரை அமரவைத்து, அடியெடுத்துக் கொடுக்கவும் இளையோரைத் திருத்தவும் வேண்டிக்கொள்ளும் தோட்டம், மேசையைத் தாழ்த்தும் கலையைத் தன் வழியில் அறிந்த தோட்டமாகும்.

பதுளையில் முடியும் தண்டவாளம் மொனராகலைக்குச் சென்றதில்லை. அங்கு செல்வோர் பசறை வழியாகப் பஸ் வண்டியிலேயே செல்கின்றனர். தெமோதரையில் மலை தடுத்தபோது வளையம் பிறந்தது. பதுளைக்கு அப்பாலோ பாதை நின்றுவிட்டது. இரண்டையும் எல்லைக்குப் பணிந்த செயல்கள் என்ற ஒரே பெயரால் அழைத்தல் அறிவுடைமையாகாது. நோயுற்ற உடலோடு வாழ்வோரிடம் சமூகம் பொறுமையைப் போதிக்குமுன், தான் அவருக்கு வளையம் அமைத்துக் கொடுத்ததா, பாதையை நிறுத்திவிட்டதா என்பதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.