மலையில் முதல் பாத்தி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிபெயர்பவர்கள் சாமான்களோடு வெண்டை விதையையும் முடிந்துகொண்டு வருவதுண்டு. மார்கழியில் ஊன்றிவிட்டு, தினமும் காலையில் பாத்தியை எட்டிப் பார்ப்பார்கள். முளைத்திருக்காது. பாவம், விதையின் மேல் குற்றமில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மண்ணின் சூடே வேறு. 20 டிகிரிக்குக் கீழே வெண்டை முளைக்கத் தயங்கும். அதே பாத்தியில் கேரட்டும் முள்ளங்கியும் பட்டாணியும் தயங்காமல் தலைகாட்டும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இன்று மணக்கும் காப்பியும் வெளியிலிருந்து வந்ததுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதை இங்கே பயிராக்கினார், பேரிக்காயையும் வளர்த்தார்.

இப்படி வெளியிலிருந்து வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சௌசௌ. மெக்சிகோ பக்கத்துக் கொடி அது. அதன் விதையைத் தனியே எடுத்து ஊன்ற வேண்டியதில்லை. முற்றிய காயை அப்படியே சமையலறை மூலையில் வைத்தால், காய்க்குள்ளேயே விதை முளைத்து நுனியில் எட்டிப் பார்க்கும். பிறகு முழுக் காயையும் பாதி புதைத்துப் பந்தல் போட்டால் போதும். புதிதாக மலையேறியவர்களே, உங்கள் முதல் பாத்தியை இந்தக் காயோடு தொடங்குங்கள். வெண்டையைக் கோடை வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.